தப்பாகப் போட்ட கணக்குகள்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தேழு பேருக்கு வயது இருபத்துநாலைத் தாண்டவில்லை. மிச்சம் ஒருவர் ஊசியக்கா. அவருக்கு முப்பத்தாறு. பதினொரு வருடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, இனி பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருவது என்று முடிவுகட்டி வந்தவர். முதல் நாள் அறிமுகத்தில் இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து யாரோ "ஊசியக்கா" என்றார்கள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"வெச்சதுதான் வெச்சீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா கையை நீட்டச் சொன்னா நீட்டணும், ஓடக்கூடாது."

வகுப்பே சிரித்தது. அதன்பின் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

நான் அவருக்குப் பக்கத்து இருக்கை. அவர் வீட்டுக் கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலையை விடப்போகிறேன் என்று இவர் சொன்னபோது, "நான் தினம் பத்து மாடி ஏறி இறங்கறேன், எங்கயும் போய்ச் சேரல. நீயாவது போய்ச் சேரு" என்றாராம். ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். ஊசியக்காவின் அண்ணன்தான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். "கையில இருந்த வேலையை விட்டுட்டு, இந்த வயசுல புத்தகப் பையைத் தூக்கிட்டுப் போறா பாரு!" அண்ணன் பேசி முடிக்கும்வரை ஊசியக்கா காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்பார். பிறகு, "முடிஞ்சுதா? சாப்பிட உக்காரு" என்பார். அவ்வளவுதான் பதில்.

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு புதுப் பாடம் வந்தது: வகுப்பறையில் இணையக் கருவிகள். அதை எடுத்த விரிவுரையாளரை நாங்கள் கருவி சார் என்போம். நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார், யாரையும் எதிர்த்தும் பேசமாட்டார். பன்னிரண்டு கருவிகளின் பட்டியல் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும், திரையைப் படமெடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டும். பட்டியலில் கடைசி, வலைப்பதிவு. ஆளுக்கு ஒன்று தொடங்கி, இரண்டு பதிவு போட்டு, அதை அச்செடுத்து, பைண்டு செய்து கொண்டுவர வேண்டும்.

ஊசியக்கா எழுந்தார். "சார், ப்ளாக்கை ப்ரிண்ட் எடுத்து பைண்டு பண்ணிட்டா அப்புறம் அது எப்படி சார் ப்ளாக்?"

"ஃபைல் வேணும்மா. ஆய்வுக்கு வர்றவங்க ஃபைலைத்தான் பார்ப்பாங்க."

"அப்ப பிள்ளைங்க எதைப் பார்ப்பாங்க?"

கருவி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரோஜாப்பூப் படம் போட்டு, 'கல்வியின் சிறப்பு' என்று எங்கிருந்தோ எடுத்த இரண்டு பத்தியை ஒட்டி, அச்செடுத்துக் கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.

ஊசியக்கா பன்னிரண்டு கருவிகளையும் உண்மையாகவே பயன்படுத்திப் பார்த்தார். மகளையும் அடுக்குமாடியில் இருந்த ஆறேழு பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். போட்டி வைக்கும் வினாடிவினாக் கருவியில் கடிகாரம் ஓடும், யார் முதல் என்று பட்டியல் வரும். பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடினார்கள். மூன்றாவது கேள்வியிலேயே பட்டியலின் அடியில் இருந்த இரண்டு பேர் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். அதை அவர் பட்டியலிலிருந்து அடித்தார். காணொளி போட்டார், மகள், "அம்மா, நீங்க பேசறது பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருக்கு" என்றாள். அதுவும் போயிற்று. பெற்றோர் குழு ஒன்று தொடங்கினார். காலை வணக்கப் படங்களாக வந்து குவிந்தன. கடைசியில் வலைப்பதிவில் வந்து நின்றார்.

"இதுல யாரும் யாரையும் துரத்தறதில்லை. எழுதி வெச்சா அப்படியே கிடக்கு. ரெண்டு நாள் கழிச்சு வந்துகூட பதில் சொல்லலாம். மெதுவா யோசிக்கிற பிள்ளைக்கு வேற எந்த இடம் இருக்கு சொல்லு" என்றார் என்னிடம்.

பயிற்சிக்கு எங்கள் இருவரையும் ஒரே பள்ளிக்கு அனுப்பினார்கள். பதினான்கு வாரம். எனக்கு ஆறாம் வகுப்பு, அவருக்கு ஏழாம் வகுப்பு பி பிரிவு, கணக்கு. அந்த வகுப்பின் கணக்கு ஆசிரியரைப் பள்ளியே பெரிய சார் என்றுதான் அழைத்தது. இருபத்துநாலு வருட அனுபவம். மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் இருப்பார். அளவுகோல் இல்லாமல் கரும்பலகையில் நேர்கோடு போடுவார். சோம்பேறி என்று அவரை எதிரிகூடச் சொல்ல முடியாது. ஆனால் தப்பான விடையைக் கண்டால் சிவப்புப் பேனாவால் அவர் போடும் பெருக்கல் குறி, தாளைக் கிழித்து அடுத்த பக்கத்திலும் தெரியும்.

முதல் வாரம் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த ஊசியக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கையைப் பார்த்தியா? நாற்பத்தொரு பிள்ளைங்க, அத்தனை பேரும் இடது கையால நோட்டை மறைச்சுக்கிட்டே எழுதுறாங்க. பக்கத்துல இருக்கிறவன் காப்பியடிப்பான்னு இல்ல. தப்பு தெரிஞ்சுடும்னு."

பரிசோதனைக் கூடத்தில் அவர்களுக்கு ஒரு பதிவேடு இருந்ததாம். யார் என்ன தவறு செய்தாலும் அதில் எழுத வேண்டும்: என்ன நடந்தது, எப்படி நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன வழி. எழுதினவரை யாரும் திட்டக்கூடாது. எழுதாமல் மறைத்தால் வேலை போய்விடும். "அங்க தப்பை மூடி வெச்சா ஒரு உயிர் போயிடும். அதனால மூடமாட்டோம். இங்க என்ன போகுதுன்னு கண்ணுக்குத் தெரியறதில்ல, அதான் எல்லாரும் மூடறாங்க."

அப்படித்தான் 'தப்பாகப் போட்ட கணக்குகள்' என்ற வலைப்பதிவு பிறந்தது.

தலைமையாசிரியையிடம் போய் அனுமதி கேட்டார். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "பேரு, ஃபோட்டோ எதுவும் வரக்கூடாது. பேரன்ட்ஸ் கையெழுத்து வாங்கிக்கோங்க" என்றார். நாற்பத்தொரு வீட்டுக்குக் கடிதம் போயிற்று. முப்பத்தொன்பது கையெழுத்தாகித் திரும்பி வந்தது. மற்ற இரண்டு பிள்ளைகளின் கணக்குகளை வகுப்புச் சுவரில் ஒரு அட்டையில் குத்திவைக்க ஏற்பாடு செய்தார். கணினி அறையில் ஆறு கணினி, அதில் மூன்று உயிரோடு இருந்தன. அவற்றுக்குப் போர்த்தியிருந்த உறையைக் கழற்ற ஒரு விண்ணப்பம், சாவிக்கு ஒரு விண்ணப்பம். இரண்டையும் எழுதினார்.

முதல் பதிவு அவருடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தசமப் புள்ளியைப் பார்க்காமல் 1.2 என்பதை 12 என்று எழுதி, ஒரு முதியவரைத் திரும்ப வரவழைத்து, மறுபடியும் குத்த வேண்டிவந்த கதை. "அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது" என்று முடித்திருந்தார். மறுநாள் வகுப்பில் ஒரே பேச்சு. "மிஸ்ஸே தப்பு பண்ணியிருக்காங்கடி!"

பிள்ளைகள் தங்களுக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். குண்டூசி, மழைக்கோட்டு, தூங்குமூஞ்சி, எறும்பு. தப்பான கணக்கைத் தாளோடு படமெடுத்து, எங்கே சறுக்கியது என்று நாலு வரி எழுத வேண்டும். ஊசியக்கா படித்துவிட்டு வெளியிடுவார். ஐந்தாவது வாரத்துக்குள் அறுபது பதிவு. சிலர் மற்றவர்களின் தப்பைப் படித்துவிட்டு, "எனக்கும் இதே இடத்துலதான்" என்று சந்தோஷமாக எழுதினார்கள். சுவரில் இருந்த அட்டை முன்னாலும் எப்போதும் நாலு பேர் நின்றார்கள். நான் அந்த வகுப்பை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நோட்டை மறைக்கிற கைகள் பாதியாகக் குறைந்திருந்தன.

எட்டாவது வாரம் பருவத் தேர்வு விடைத்தாள்கள் திரும்ப வந்தன. அன்று மாலை எறும்பு ஒரு பதிவு அனுப்பினாள். எழுத்து அவ்வளவு பொடிசாக இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். தையல் கடைக்காரம்மாவின் மகள், வகுப்பில் வாய் திறக்காதவள்.

தேர்வுக் கேள்வி இதுதான். ஒரு வண்டி 120 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே வழியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? எறும்பு 48 என்று எழுதியிருந்தாள். தாள் கிழியப் பெருக்கல் குறி. விடைக்குறிப்பில் 50.

கீழே அவள் எழுதியிருந்தாள்: "போக 2 மணி நேரம். வர 3 மணி நேரம். மொத்தம் 5 மணி நேரம், 240 கிலோமீட்டர். வகுத்தால் 48. எங்கே தப்பு என்று நாலு தடவை பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஊசியக்கா அதைப் பேருந்தில் படித்தார். கைப்பையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தார். 48. வீட்டுக்குப் போய் மறுபடியும் போட்டார். 48.

உடனே வெளியிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு பலர் பலவிதமாகப் பேசினார்கள். மறுநாள் காலை, ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, தாளோடு பெரிய சாரிடம் போனார். நான் கதவருகே என் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், இந்த ஒரு கணக்கைக் கொஞ்சம் பார்க்கறீங்களா? பிள்ளை போட்டது சரின்னு எனக்குத் தோணுது."

அவர் தாளைக் கையில் வாங்கவில்லை. "அறுபதையும் நாற்பதையும் கூட்டி ரெண்டால வகுங்க. என்ன வருது?"

"அம்பது சார். ஆனா ரெண்டு வேகத்துலயும் ஒரே நேரம் ஓடினாத்தான் அப்படி வகுக்கலாம். இங்க நேரம் வேற வேற."

"ஏம்மா, நான் இந்தக் கணக்கை எத்தனை வருஷமா நடத்தறேன் தெரியுமா? ட்ரெயினிங் வந்த இடத்துல எனக்கே பாடம் எடுக்கறீங்களா? மணி அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போங்க."

ஊசியக்கா வகுப்புக்குப் போனார். மதிய இடைவேளையில் கைப்பேசியை எடுத்து, எறும்பின் பதிவை வெளியிட்டார். ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை.

சாயங்காலத்துக்குள் பதினேழு பதில்கள். குண்டூசி: "எனக்கும் 48தான் வருது." மழைக்கோட்டு: "மெதுவா வர்ற நேரம் ஜாஸ்தி. அதனால அம்பதுக்குக் கீழேதான் வரும்." தூங்குமூஞ்சி எழுதியதுதான் எனக்கு மறக்காது: "நான் 50 போட்டு மார்க் வாங்கினேன். இப்பப் பார்த்தா நான்தான் தப்பு. என் தாளையும் இதுல போடுங்க மிஸ்." பதினெட்டாவது பதில் ஒரு அப்பாவிடமிருந்து வந்தது: "விடைக்குறிப்பு யார் தயாரித்தது?"

மறுநாள் முதல் பீரியடிலேயே தலைமையாசிரியை அறைக்கு அழைப்பு. கருவி சாரையும் கல்லூரியிலிருந்து வரச்சொல்லியிருந்தார்கள். அதே பள்ளியில் இருக்கும் பயிற்சி மாணவி என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

"பன்னெண்டு மணிக்குள்ள அந்தப் பதிவு போயிருக்கணும். சாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம். அதோட இதை முடிச்சுக்கலாம்" என்றார் தலைமையாசிரியை.

"கணக்கு சரியா தப்பான்னு யாராவது பார்த்தீங்களா மேடம்?"

"இப்ப பேச்சு கணக்கைப் பத்தி இல்ல."

"எனக்கு அதைப் பத்தி மட்டும்தான் மேடம். சார் ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கட்டும், அதையும் அங்கேயே போடறேன். அவர் பேரு எங்கயும் இல்ல, ஸ்கூல் பேரும் இல்ல. ஆனா அழிக்க மாட்டேன்."

"இவ்வளவு பிடிவாதமா?"

"லேப்ல எழுதினதை அழிக்கக்கூடாது மேடம். குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்துப் போடணும். பழசும் கண்ணுக்குத் தெரியணும். பதினொரு வருஷம் அப்படியே பழகிட்டேன்."

"இது லேப் இல்லம்மா!"

"ஆமா மேடம். அங்க ஒரு தப்புக்கு ஒரு ஆளு. இங்க நாற்பத்தொரு பேரு."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் கூடப் படிக்கிறவங்க பண்ணினது சரியா?"

நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தேன். 48 என்று எனக்குத் தெரியும். பெரிய சார் எப்படிப் பேசினார் என்பதையும் என் காதால் கேட்டிருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

வெளியே வராந்தாவில் கருவி சார் கெஞ்சாத குறை. "அழிக்க வேணாம்மா, மறைச்சு வெச்சுடுங்க. ஒரு பட்டன்தான். நீங்க பாஸ் பண்ணினதும் திரும்ப எடுத்துக்கலாம். யாருக்கும் நஷ்டமில்ல."

"எறும்பு இன்னிக்கு வந்து தேடுவா சார். காணோம்னா என்ன நினைப்பா? தன் கணக்குதான் தப்புன்னு நினைப்பா. அந்த நஷ்டத்தை யார் கட்டறது?"

பன்னிரண்டு மணி ஆயிற்று. பதிவு அங்கேயே இருந்தது. ஒரு மணிக்கு அவருடைய பயிற்சி நிறுத்தப்பட்டது. எட்டாவது வாரத்திலேயே பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பயிற்சி முழுமையாகவில்லை என்பதால் அந்த வருடம் பட்டயம் கிடையாது. மறு வருடம் முதலிலிருந்து பதினான்கு வாரமும் செய்ய வேண்டும்.

வீட்டில் கணவர் ஒரே ஒருமுறை கேட்டாராம். "ஒரு கடிதம்தானே, எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாமே? ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்."

"என்னன்னு எழுதறது? நாற்பத்தெட்டும் அம்பதும் ஒண்ணுதான்னு எழுதட்டுமா?"

அவர் சிரித்துவிட்டாராம். "வேணாம், விடு. அப்படி நான் கணக்குப் போட்டா லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கும்."

அண்ணன் வந்தார், தலையில் அடித்துக்கொண்டார், சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எறும்பின் அம்மா தையல் கடையை அரை நாள் சாத்திவிட்டு வந்திருந்தார். நான் வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் விடைத்தாளை மேசையில் விரித்து, எல்லோர் முன்னாலும் கேட்டார். "நான் துணி அளக்கறவ. முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு வந்தா கூட்டி ரெண்டால வகுத்துத் தைக்க மாட்டேன். என் பொண்ணு போட்டது தப்புன்னா, எந்த வரின்னு காட்டுங்க." யாராலும் காட்ட முடியவில்லை. ஒரு வாரத்தில் 48 போட்ட ஆறு பிள்ளைகளுக்கும் மதிப்பெண் சேர்க்கப்பட்டது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்: விடைக்குறிப்பில் அச்சுப்பிழை.

ஓடிப்போய் ஊசியக்காவுக்கு ஃபோன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சுப்பிழையாமா! பாவம், மெஷின் தலையில கட்டிட்டாங்க. அதுக்கு வாயா இருக்கு?" சிரித்து முடித்தபின் அவர் குரல் மாறிற்று. "என்னை ஏன் அனுப்பினாங்கன்னு அந்தத் தாள்ல இல்லையே?" என்றார். இல்லை. அவருக்கு யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை, கூப்பிட்டுப் பேசவும் இல்லை. அன்று நான் அழுதேன். அறையில் வாய் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நீ பேசியிருந்தாலும் என்னை அனுப்பித்தான் இருப்பாங்க. ஆனா நீ பேசலைன்னு எனக்கு வருத்தம்தான். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை பேசு."

அந்த வருடம் நான் தேர்ச்சி பெற்றேன். ஊசியக்கா மறுபடியும் முதல் வாரத்திலிருந்து தொடங்கினார், வேறு பள்ளியில், வேறு பிள்ளைகளோடு. முதல் நாளே அங்கிருந்த ஆசிரியையிடம் பழைய வலைப்பதிவைத் திறந்து காட்டி, எறும்பின் பதிவையும் காட்டி, தன்னை ஏன் வெளியே அனுப்பினார்கள் என்பதையும் சொல்லிவிட்டாராம். அந்த ஆசிரியை, "என் கணக்குல தப்பு இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்க. நான் கேக்கலைன்னா போடுங்க" என்றார். பதினான்கு வாரமும் நன்றாகவே போயிற்று.

வேலை அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. முதல் பள்ளியில் ஒரு வருடம் ஏன் தாமதம் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், அனுப்பவில்லை. இரண்டாவது பள்ளியிலும் அதே கதை. உடல்நலம் சரியில்லை என்று சொல்லிவிடுங்களேன் என்று நானே யோசனை சொன்னேன். "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

மூன்றாவது பள்ளி, பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் நடந்து போக வேண்டிய இடம். முதல்வர் கோப்பை முழுவதும் படித்துவிட்டு, இங்கேயும் இதே மாதிரி வலைப்பதிவு நடத்துவீர்களா என்று கேட்டிருக்கிறார்.

"நடத்துவேன் சார். வாத்தியார் தப்பும் வரும், என் தப்பும் வரும். முதல்ல நேர்ல சொல்லுவேன். கேக்கலைன்னா போடுவேன். யார் சொன்னாலும் அழிக்க மாட்டேன்."

"வேலை கேட்டு வந்த இடத்துல நீங்க கண்டிஷன் போடறீங்களே!"

"கண்டிஷன் இல்ல சார், முன்கூட்டியே தகவல். நாளைக்கு நீங்க தெரியாம எடுத்துட்டேன்னு சொல்லக்கூடாது பாருங்க."

அவர் சிரித்தாராம். கணினி அறையில் எட்டில் ஐந்து ஓடுகிறது, சாவிக்கு விண்ணப்பம் எழுத வேண்டாம், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றாராம். ஊசியக்கா இதையெல்லாம் நடந்துகொண்டே ஃபோனில் சொன்னார். மூச்சு வாங்கியது. ஆறாம் வகுப்பு, இரண்டு பிரிவு, மொத்தம் எழுபத்தாறு பிள்ளைகள்.

"எழுபத்தாறு பேரோட தப்பு!" என்றார். "எனக்கு இனிமே ஞாயித்துக்கிழமைகூட கிடையாது. சரி, வெக்கறேன், எழுபத்தாறு கடிதம் எழுதணும், பேரன்ட்ஸ் கையெழுத்துக்கு."